நாலேகால் மணிக் கொம்பு

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. முதல் வருடம் அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வருடம் பழகிவிட்டது. மூன்றாம் வருடம் யாரோ சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரத்தில் பதினோரு இடங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் இருந்தன. நிலையம் என்றால் ஆள் உயர இரும்பு அலமாரி, அதன் தலையில் ஒரு குழாய், அவ்வளவுதான். குழாய் காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கும் இயந்திரம் அதில் எவ்வளவு நுண்துகள், எவ்வளவு வாயு என்று பார்த்து நிமிடத்துக்கு ஒரு எண்ணை அலுவலகத்துக்கு அனுப்பும். அந்த எண்களைத் தின்றுவிட்டு, நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று ஒரு கணினி நிரல் சொல்லும். அதை எல்லோரும் மாடல் என்பார்கள். மாடல் வெகுளி. கொடுத்ததை நம்பும். பொய்யைக் கொடுத்தால் அதையும் நம்பி, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி நாளைய தேதி போட்டுத் திருப்பித் தரும். அதனால் காலை பத்து மணிக்குள் முந்தைய நாளின் எண்களைச் சலித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பதினோரு நிலையங்களின் குணமும் அவளுக்குத் தெரியும். பேருந்துப் பணிமனை நிலையம் மழை பெய்தால் உளறும். ஆற்றோர நிலையம் விடியற்காலை ஈரத்தையெல்லாம் தூசி என்று எண்ணிவிடும். பள்ளிக்கூடத்து மாடி நிலையம் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் விடாது. மருத்துவமனை நிலையத்துக்கு மனது சரியில்லை என்றால் மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று அனுப்பும். அது அளவு அல்ல. ‘என்னிடம் எதுவும் கேட்காதே’ என்று அர்த்தம்.

வீட்டிலும் அவளுக்கு எண்கள்மீது அதே பார்வைதான். எதிர்வீட்டுப் பெண் மூன்று பாடத்தில் எண்பத்தொன்பது வாங்கியிருப்பதாகச் சொல்லி இனிப்பு நீட்டியபோது, “மூணுலயும் ஒரே மார்க்கா? எங்கயோ மாட்டிக்கிச்சு போலிருக்கே, மறுபடி பாக்கச் சொல்லு” என்றாள். அந்த வீட்டிலிருந்து பிறகு இனிப்பு வரவில்லை.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்த எண்ணையும் அழிக்கக் கூடாது. சந்தேகப்பட்ட எண் இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு கொடி போடலாம். கொடிக்குக் காரணம் எழுத வேண்டும். காரணங்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை வரிசை இருந்தது: மின்வெட்டு ஒன்று, பழுது நான்கு என்று. காரணத்துக்குக் கீழே கையொப்பம். கொடி போட்ட எண் மாடலின் தட்டுக்குப் போகாது. நகரம் முழுக்க அந்தக் கையொப்பம் போடும் உரிமை இரண்டே பேருக்கு. ஒருவர் அவளுடைய மேலதிகாரி. இன்னொருத்தி சல்லடை.

அந்த உரிமை அவளுக்குச் சும்மா வரவில்லை. ஒன்பது வருடம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புகார்த் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் டயர் கொளுத்துகிறான் என்று ஜனங்கள் கத்துவதைக் கேட்டு, இடத்தையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த கோடுகளோடு ஒத்துப்பார்ப்பாள். பட்டம் எதுவும் இல்லாமல் ஒருத்தி இயந்திரத்தின் பொய்யைப் பிடிக்கிறாளே என்று மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆகவே அந்தக் கையொப்பத்தை அவள் ஒவ்வொரு தடவையும் கல்யாணப் பதிவேட்டில் போடுவதுபோல நிதானமாகப் போடுவாள்.

பதினோராவது நிலையம் அவள் குடியிருந்த ஐந்துமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்தது. அவளே குடியிருப்போரிடம் பேசிச் சம்மதம் வாங்கியது. வாரம் ஒரு முறை குழாயின் வாயைத் துடைக்கவும், மாடிச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மாமனார் முன்வந்தார். அஞ்சலகத்தில் பதிவுத் தபால் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் ரசீது கேட்பார். தளப் பொறுப்பாளர் என்று அவருக்கு ஓர் அடையாள அட்டை வந்தது. அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு இருமல் நிற்காமல் போய் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். சிகரெட்டை விடுங்கள் என்றார் டாக்டர். மாமியார் அங்கேயே, டாக்டரைச் சாட்சி வைத்து, அவரிடம் வாக்கு வாங்கினார். வாக்குக் கொடுத்த மூன்றாம் நாள், பதினோராவது நிலையத்தின் கோட்டில் ஒரு கொம்பு முளைத்தது.

நாலு மணி பதினான்கு நிமிடம் வரை நாற்பது. நாலேகாலுக்கு எழுபது. அப்புறம் நூற்றைம்பது, இருநூறு. நாலு இருபத்திரண்டுக்கு மறுபடி நாற்பது, எதுவுமே நடக்காத மாதிரி.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

காரணம் தெரியாமல் கொடி போடக் கூடாது என்று பன்னிரண்டு நாள் விட்டுவைத்தாள். அதற்குள் மாடல் கொம்பைத் தின்று ருசி கண்டுவிட்டது. ‘இந்தப் பகுதியில் மாலை நாலு முதல் ஐந்து வரை காற்று மோசம், முதியோர் வெளியே வர வேண்டாம்’ என்று தினமும் காலையிலேயே சொல்ல ஆரம்பித்தது. மாமியார் மருமகளின் அலுவலகத்துமேல் பெரிய மரியாதை உள்ளவர். நாலு மணிக்கு மாடிக்குப் போய்த் துணி எடுக்கும் பழக்கத்தை விட்டு, ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டார்.

அதனால் நாலேகால் மணிக்கு மாடி இன்னும் வசதியாகக் காலியாக இருந்தது.

சல்லடை ஒவ்வொரு சந்தேகமாக எடுத்து வைத்துப் பார்த்தாள். ஜெனரேட்டரா? டீசல் புகை வந்தால் கூடவே நைட்ரஜன் வாயுவும் ஏறும். இங்கே நுண்துகள் மட்டும் தனியாக ஏறி இறங்கியது. குப்பை எரிப்பா? ஏழு நிமிடத்தில் குப்பை எரிந்து முடியாது. குழாய்மேல் காக்கா உட்காருகிறதா? காக்கா கடிகாரம் பார்க்காது. பதின்மூன்றாம், பதினான்காம் நாள் கொம்பு இல்லை. பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கொம்பு, நாலேகாலுக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று.

திங்கட்கிழமை காலை அந்த இரட்டைக் கொம்பைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரை ஏறியது. கொம்பு இல்லாத இரண்டு நாளும் மாமனார் தன் தங்கை வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னல் திரை எந்த நிறம் என்று மாமனாருக்கும் மாமியாருக்கும் வீடு இரண்டுபட்டது.

“என்ன சல்லடை, சிரிக்கிறீங்க?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“ஒண்ணுமில்லை. ஒரு நிலையம் கோவிச்சுக்கிட்டிருக்கு” என்றாள்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமியார் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த மாதம் புது வாஷிங் மெஷினில் குடையைப் போட்டு ஓட்டிவிட்டாள். “நான்தான் போட்டேன், நனைஞ்சிருந்துச்சு” என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டவர் மாமனார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உண்மையைச் சொன்னால் அவளுக்கு இது பிடித்திருந்தது. தினமும் காலையில் கோட்டைத் திறந்து மாமனார் நேற்று என்ன மனநிலையில் இருந்தார் என்று படிப்பது நாவல் படிக்கிற மாதிரி இருந்தது.

கொடி போட்டாள். காரணம் ஏழு: நிலையத்துக்கு அருகில் தற்காலிகப் புகை. ஏழாம் காரணத்துக்கு மட்டும் புகை எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும். ‘கண்டறியப்பட்டு வருகிறது’ என்று எழுதிக் கையொப்பம் போட்டாள். மாடல் இரண்டு வாரத்தில் தெளிந்தது. மாமியார் மட்டும் துணி எடுக்கும் நேரத்தைத் திரும்ப மாற்றவில்லை. ஒரு பழக்கத்தை எத்தனை தடவைதான் மாற்றுவது.

இரவுச் சாப்பாட்டில் சல்லடை சில நாள் கேட்பாள். “மாமா, மிஷின் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா. மூச்சு அருமையா இழுக்குது.”

“தினமும் போய்ப் பாத்துடுறீங்களே.”

“பொறுப்புன்னு ஒண்ணு குடுத்துட்டாங்க. போகாம இருக்க முடியுமா?”

“அந்த அக்கறையில பாதியை இந்த வீட்டுக் குழாய்மேல காட்டுங்க, மூணு நாளா ஒழுகுது” என்பார் மாமியார். சல்லடையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வருகிறவர். வீட்டில் இந்த மாதிரி பேச்சு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

இப்படி எழுபத்தொரு கொடி ஆனது. அப்போதுதான் அது தசமத்தின் கண்ணில் பட்டது.

தசமம் என்பது மேலதிகாரி. எதைச் சொன்னாலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கேட்பவர். காலாண்டுப் பட்டியலை மேசைமேல் விரித்து வைத்துச் சல்லடையைக் கூப்பிட்டார்.

“மத்த பத்து நிலையத்துலயும் சராசரியா ஒன்பது புள்ளி மூணு பூஜ்யம் கொடி. உங்க வீட்டு மாடியில எழுபத்தொண்ணு.”

“ஆமா சார்.”

“எழுபத்தொண்ணும் அதிகமா இருந்த எண். குறைவா இருந்த ஒண்ணைக்கூட நீங்க சந்தேகப்படல.”

“ஆமா சார்.”

“எல்லாத்துக்கும் ‘கண்டறியப்பட்டு வருகிறது’. எழுபத்தொரு தடவை கண்டறிஞ்சும் கிடைக்கலையா?”

சார், அது எங்க மாமனார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“வெளியில இருந்து பாக்குறவன் என்ன சொல்வான்? இந்தம்மா தான் குடியிருக்கிற கட்டடத்துக் காத்தை வெள்ளையடிச்சு வச்சிருக்குன்னு சொல்வான். நான் சொல்லலை. ஆனா தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டேன். வியாழக்கிழமை தணிக்கை அதிகாரி வர்றார். கொம்பு எங்கிருந்து வருதுன்னு காட்டிட்டா ஒண்ணுமில்லை. காட்ட முடியலைன்னா கையொப்ப உரிமையை எடுத்துருவாங்க. மறுபடி கீழ்த்தளம்தான்.”

கீழ்த்தளம் என்றால் தொலைபேசி. அன்று அவள் நான்கு கையொப்பம் போட்டாள். நான்கும் கோணலாக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை இரவுதான் அந்தத் தப்பைச் செய்தாள். யோசனையில் இருந்ததால் வாய் தவறி, “வியாழக்கிழமை மிஷினைப் பாக்க மேலிடத்துல இருந்து அதிகாரி வர்றார்” என்று சாப்பாட்டில் சொல்லிவிட்டாள்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த மேலிடம்?”

“தலைமை அலுவலகம், மாமா.”

“அப்படியா?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பதிவுத் தபால் பிரிவில் இருந்தவருக்குத் தணிக்கை என்றால் என்னவென்று தெரியும். தணிக்கைக்கு முந்தின வாரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் தெரியும்.

திங்கட்கிழமை நாலேகாலுக்குக் கோடு பலகைபோலத் தட்டையாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

தசமம் புதன்கிழமை காலை தன் அறையிலிருந்து வெளியே வந்து அவள் மேசைக்கே நடந்து வந்தார். அவர் அப்படி வருவது அபூர்வம். “கடிதம் போனதுமே குணமாயிடுச்சே” என்றார். குரலில் கேலிகூட இல்லை. வருத்தம்தான் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

அவள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றரைக்கே வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மாமனார் இல்லை. மாடியிலும் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்தும் தகரக் கொட்டகையில், வாடகை கொடுக்காத யாரோ விட்டுப்போன மூன்று சக்கர சைக்கிளின்மேல் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வலது கை முதுகுக்குப் பின்னால் போனது.

“என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?”

“மாமா, கை சுடப்போகுது.”

“எந்தக் கை?”

“பின்னால இருக்கிற கை.”

அவர் கையை முன்னால் கொண்டுவந்து அதைப் பார்த்தார். அந்த சிகரெட்டை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். “இது வாட்ச்மேனோடது. கொஞ்சம் பிடிச்சுக்கோங்கன்னு குடுத்துட்டுப் போனான்.”

“சரி. அவர் வர்ற வரைக்கும் இதைப் பாருங்க.”

பையிலிருந்து மூன்று மாதக் கோட்டை அச்செடுத்த நீளத் தாளை எடுத்து சைக்கிள் கேரியர்மேல் விரித்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“இது என்ன, மலையா?”

“நீங்க மாமா.”

“நானா?”

“ஒவ்வொரு கொம்பும் நீங்கதான். நாலேகாலுக்கு ஆரம்பிச்சு ஏழு நிமிஷம்.”

அவர் தாளில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். “இங்க ரெண்டு நாள் காணோமே.”

“உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தீங்க.”

“ஆமா. அவ புருஷன் கூடவே ஒட்டிக்கிட்டு இருந்தான், நகர விடல. இது என்ன, இரட்டையா இருக்கு?”

“ஜன்னல் திரை.”

“அன்னைக்கு ரெண்டு இல்லம்மா” என்றார், அச்சுப்பிழை திருத்துபவர் மாதிரி. “மூணு. நடுவுல ஒண்ணு பிடிச்சேன். காத்து அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கும்.” சொல்லிவிட்டு, எதை ஒப்புக்கொண்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார். “இது எல்லாரும் பாக்குற படமா?”

“இதுவரைக்கும் நான் மட்டும்.”

“உங்க அத்தை?”

“தெரியாது.”

அவர் சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். கொடி, தசமம், கையொப்பம், கீழ்த்தளம் எல்லாவற்றையும். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

“நான் ஒழுங்கா இருந்தா உனக்கு நல்லதுன்னுல்ல நெனச்சேன்” என்றார் அவர். “இங்க வந்து கொசுக்கடியில உக்காந்திருக்கேன் மூணு நாளா.”

“நீங்க ஒழுங்கா இருந்ததுதான் மாமா பிரச்சினை.”

“இப்ப நான் என்ன பண்ணணும்?”

“நாளைக்கு நாலேகாலுக்கு மாடிக்கு வந்து, எப்பவும் போல ஒண்ணு பிடிக்கணும்.”

“அதிகாரி முன்னாலயா?”

“ஆமா.”

“சிகரெட்டா?”

“ஆமா மாமா.”

அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு பதிவுத் தபால் பிரிவு விழித்துக்கொண்டது. “எழுத்துல குடுப்பாங்களா?”

வியாழக்கிழமை தணிக்கை அதிகாரி வந்தார். உயரமான, உலர்ந்த மனிதர். மாடி ஏறி வந்ததற்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. தசமம் கோப்போடு பின்னால் வந்தார். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அலமாரிக்குப் பக்கத்தில் சிலைபோல நின்றார். மாமியார் பக்கத்துத் தெருவில் தையல்காரரிடம் போயிருந்தார். ஐந்து மணிவரை வரமாட்டார் என்று சல்லடை இரண்டு தடவை உறுதி செய்திருந்தாள்.

அலமாரியைத் திறந்து மடிக்கணினியைச் செருகினார்கள். திரையில் நிமிடத்துக்கு ஒரு புள்ளி விழுந்தது. நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது. நாற்பது.

“புகை எங்கிருந்து வருதுன்னு காட்டறேன்னு சொன்னீங்களாம்” என்றார் அதிகாரி.

“இவர்தான் சார்” என்றாள் சல்லடை.

மாமனார் கைகூப்பினார்.

அதிகாரி அவரையும், கழுத்திலிருந்த அட்டையையும், அவர் சட்டைப்பையில் துருத்திய பெட்டியையும் வரிசையாகப் பார்த்தார். “எப்பவும் எங்க நின்னு பிடிப்பீங்க?”

மாமனார் அலமாரிக்குப் பின்பக்கம் போய், குழாயின் வாய்க்கு நேர் கீழே நின்றார்.

“இவ்வளவு பெரிய மாடியில இந்த இடம்தான் கிடைச்சுதா?”

“வாசனை கீழ போகக் கூடாது பாருங்க” என்றார் மாமனார். “இது காத்தை உறிஞ்சுற மிஷின். சிகரெட்டை இப்படித் தூக்கிப் பிடிச்சா புகையெல்லாம் அதுவே இழுத்துக்கும். உள்ள சுத்தம் பண்ணி விட்டுரும்னு நெனச்சேன்.”

தசமம் கோப்பை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். கோப்பு குலுங்கியது. நகரத்தின் பதினோராவது நிலையம் மூன்று மாதமாக ஒருவருக்குச் சமையலறை விசிறியாக வேலை பார்த்திருக்கிறது என்பது சல்லடைக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. “நேரம் ஆச்சு. ஆரம்பிங்க” என்றார்.

மாமனார் சிகரெட்டை வாயில் வைத்தார். இரண்டு தீக்குச்சி காற்றில் அணைந்தன. மூன்றாவதற்குத் தசமம் கோப்பை மறைப்பாகப் பிடித்தார். புகை ஒரு நூலாக மேலே போய்க் குழாய்க்குள் நுழைந்தது. திரையில் அறுபத்தெட்டு. அடுத்த நிமிடம் நூற்று நாற்பது. அதற்கடுத்து இருநூற்றுப் பத்து. அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டே மெல்ல நகர்ந்து புகை வரும் பக்கமாகவே போய் நின்றதையும், ஒரு தடவை ஆழமாக மூச்சு இழுத்ததையும் அவள் பார்த்தாள். கொடி போட வேண்டிய விஷயம். விட்டுவிட்டாள்.

அப்போது மாடிக் கதவு திறந்தது. மாமியார் நின்றார். தையற்கடை மூடியிருந்தது. கீழே யாரோ, உங்கள் மாடிக்கு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், ஒரு டீகூடக் கொடுக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். கையில் தட்டு, தட்டில் நான்கு டம்ளர். பார்வை டம்ளரிலிருந்து நிமிர்ந்து நேராகச் சிகரெட்டுக்குப் போனது.

மாமனாரின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

“கையை எடுக்காதீங்க!” என்று அதிகாரி கத்தினார். “அம்மா, ஒரு நிமிஷம். இன்னும் முடியல. பாதியில விட்டா அளவு கெட்டுப்போயிடும்.”

“என்ன அளவு?”

“இது அலுவலக வேலைம்மா.”

மாமியார் தட்டைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்தார். மாமனார் இதுவரை வாழ்க்கையில் அனுபவிக்காத ஒரு நிலையில் இருந்தார். கட்டிய மனைவி பார்த்துக்கொண்டிருக்க, அரசாங்கம் பிடிக்கச் சொல்லி, பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கடைசி வரை பிடித்தார்.

கோடு இறங்கி நாற்பதுக்கு வந்தது. “கொம்பு வந்துடுச்சு சார்” என்றாள் சல்லடை.

“வந்துச்சு” என்றார் அதிகாரி. “ஒரே உருவம்தான்.”

“ஆனா சார்,” என்றார் தசமம், “ஒரு தடவை வந்தது தற்செயலா இருக்கலாம். விதிப்படி மூணு வேணும். அப்பத்தான் சராசரி போட முடியும்.”

மாமனார் முகம் மலர்ந்தது. “மூணா?” என்றார், மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. “விதின்னா என்ன பண்றது.”

நாலு முப்பத்தைந்துக்கு இரண்டாவது. முதல் பாதி மிடுக்காகப் போனது. மறு பாதியில் இருமல் வந்தது. சேர்ந்தாற்போல இரண்டு பிடித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதுவும் மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது. மாமியார் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயில் ஒன்றை எடுத்துத் தானே குடித்தார்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாமனார் சொன்னார், “போதும் சார். வேண்டாம். தலை சுத்துது.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்றார் தசமம்.

“ரெண்டுக்குச் சராசரி போட்டுக்கக் கூடாதா?”

“பிடிங்க” என்றார் மாமியார். அவர் மாடிக்கு வந்து பேசிய மூன்றாவது வார்த்தை அது. “ஆபீஸ்ல கேக்குறாங்கல்ல. ஒட்டப் பிடிங்க.”

அவர் குரலில் கோபமே இல்லை. மாமனார் அதைக் கேட்டுத்தான் பயந்தார். மூன்றாவதைப் பற்றவைத்து, நாலு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம் மருந்து குடிக்கிற முகத்தோடு குழாய்க்கு நேராகச் சும்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இயந்திரம் மிச்சத்தைக் குடித்தது.

அதிகாரி அங்கேயே, அலமாரிக் கதவில் தாளை வைத்து, எழுதினார். கொம்புகள் உண்மை. கொடிகள் செல்லும். கையொப்ப உரிமை தொடரலாம். அதைப் படித்தபோது சல்லடைக்கு எழுத்துகள் கொஞ்சம் நனைந்து தெரிந்தன. கீழே இரண்டு நிபந்தனை. எழுபத்தொரு இடத்திலும் ‘கண்டறியப்பட்டு வருகிறது’ என்பதை எடுத்துவிட்டு உண்மைக் காரணத்தை எழுத வேண்டும். தளப் பொறுப்பாளரை மாற்ற வேண்டும்.

“யார் கிட்ட குடுக்கலாம்?” என்றார் தசமம்.

மாமியார் கையை நீட்டினார். மாமனார் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி, சாவியோடு சேர்த்து அதில் வைத்தார். ரசீது கேட்கவில்லை.

படி இறங்கும்போது மாமியார் அதிகாரியிடம் ரொம்ப மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார். “இந்த எழுபத்தொண்ணுன்னீங்களே, அது என்னைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனைன்னு விவரமா இருக்குமா?”

“நிமிஷ வாரியா இருக்கும்மா.”

“நான் பாக்கலாமா?”

“பொதுமக்கள் தரவும்மா. யார் விண்ணப்பம் போட்டாலும் குடுத்தாகணும்.”

மறுநாள் காலை சல்லடை எட்டரைக்கே மேசைக்கு வந்துவிட்டாள். எழுபத்தொரு வரியையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ‘தளப் பொறுப்பாளர் புகைபிடித்தது’ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையொப்பம் போட்டாள். ஒன்றுகூடக் கோணவில்லை. ஒன்பது ஐம்பதுக்குப் பதினோரு நிலையத்தின் எண்களும் மாடலுக்குப் போயின.

பத்தேகாலுக்கு உள்தபாலில் ஒரு விண்ணப்பம் வந்தது. குண்டு குண்டான கையெழுத்து. நிலையம்: பதினொன்று. காலம்: மூன்று மாதம். தேவைப்படும் காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப உபயோகம்’ என்று இருந்தது. கொடிக்குக் கையொப்பம் போடுகிறவர்தான் பதிலுக்கும் போட வேண்டும், அதற்கு விதிப்படி ஏழு வேலைநாள் அவகாசம் உண்டு. அவள் அதை மேசை இழுப்பறையில், மற்ற தாள்களுக்கு அடியில் வைத்தாள்.

அன்று இரவு மாமனார் ரசத்தைப் பிசையாமல் பிசைந்துகொண்டிருந்தார். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் விண்ணப்பம் என்ன ஆச்சு?” என்றார் மாமியார்.

“பரிசீலனையில இருக்கு அத்தை.”

“யாரு பரிசீலிக்கிறாங்க?”

மாமனார் பிசைவதை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார்.

“நான்தான் அத்தை” என்றாள் சல்லடை. “கையொப்பம் போடுற உரிமை ரெண்டு பேருக்குத்தான் இருக்கு.”